வைட்ஹால் ஆய்வுகள்

லண்டனில், நாடாளுமன்றத்துக்கு அருகே பிரிட்டிஷ் அரசின் அமைச்சகங்கள் வரிசையாக நிற்கும் தெரு வைட்ஹால். அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த இரண்டு மருத்துவ ஆய்வுகளுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பணியிட மன அழுத்தம் உடலையும் உள்ளத்தையும் என்ன செய்கிறது என்பது பற்றி இன்று மருத்துவர்கள் அறிந்திருப்பதில் கணிசமான பங்கு இவற்றிலிருந்து வந்தது.

முதல் ஆய்வு 1967இல் தொடங்கியது. ஏறத்தாழ 17,500 ஆண் ஊழியர்களின் ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் எல்லாம் பதிவாயின. மாரடைப்பு மேலதிகாரிகளின் நோய் என்பது அக்காலத்தில் பரவலான நம்பிக்கை. பொறுப்பு கூடினால் பாரமும் கூடும், பாரம் கூடினால் நெஞ்சு தாங்காது என்று பலரும் எண்ணினார்கள். கணக்கு தலைகீழாக முடிந்தது. மைக்கேல் மார்மட், ஜெஃப்ரி ரோஸ் முதலியோர் 1978இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இதய நோயால் இறப்போரின் விகிதம் உச்சநிலை அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. கோப்பு சுமந்தவர்களும் வாசலில் நின்றவர்களும்தான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள்.

அதைவிட வியப்பூட்டியது இடையில் இருந்தவர்களின் நிலை. பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆபத்தும் ஒவ்வொரு படி ஏறியது. இத்தனைக்கும் எல்லோருக்கும் நிரந்தர அரசு வேலை, இலவச மருத்துவம். கீழ்நிலையில் புகைபிடிப்போர் அதிகம் என்பது உண்மை. ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

மீதிக்குக் காரணம் தேட, 1985இல் மார்மட் தலைமையில் இரண்டாம் ஆய்வு தொடங்கியது. 35 முதல் 55 வயது வரையுள்ள 10,308 பேர் சேர்ந்தனர். மூன்றில் ஒருவர் பெண். வேலையை எப்படிச் செய்வது, எந்த வேகத்தில் செய்வது, எப்போது சற்று ஓய்வது என்பதைத் தானே முடிவுசெய்ய முடிகிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். அந்த உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடியதை 1997இல் வெளியான முடிவுகள் காட்டின. மேலதிகாரி தங்களை நியாயமாக நடத்துகிறார் என்று சொன்ன ஆண்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது என்ற 2005ஆம் ஆண்டு முடிவும் இங்கே சேர்த்துப் படிக்கத் தக்கது.

ஆபத்து வந்தால் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியேற்றுகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் சிறிது நேர ஏற்பாடு இது. அந்த நிலை அடங்காமல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். வைட்ஹாலில் 14 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, திரும்பத் திரும்பப் பணி அழுத்தத்துக்கு ஆளானவர்களுக்கு இக்கோளாறுகள் ஒன்றுகூடும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் இருந்தது. அலுவலக நேரத்தில் பெரியவருக்கும் சிறியவருக்கும் ரத்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. வீடு திரும்பியதும் மேலதிகாரிகளுக்கு நன்றாக இறங்கியது, கீழ்நிலை ஊழியர்களுக்கு அவ்வளவாக இறங்கவில்லை.

மனநலமும் இதே வழியில்தான் சென்றது. வேலைப்பளு மிகுந்தவர்களுக்கும், உழைப்புக்கேற்ற சம்பளமோ மதிப்போ கிடைக்காதவர்களுக்கும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக வந்தன. சக ஊழியர்களும் மேலதிகாரிகளும் துணைநின்ற இடங்களில் குறைந்தன.

ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே அரசுத் துறை ஒன்றைத் தனியாருக்கு விற்கும் பேச்சு எழுந்தது. அத்துறை ஊழியர்களின் உடல்நிலைப் பதிவுகள் ஏற்கெனவே கையில் இருந்ததால், ஆய்வாளர்களால் முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. ஒருவரும் வேலை இழப்பதற்கு முன்பே, என்ன ஆகுமோ என்று காத்திருந்த காலத்திலேயே, மற்றத் துறையினரைவிட அவர்களுடைய உடல்நலம் சரிந்தது. வேலைநீக்கச் செய்தியை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் எந்த நிர்வாகமும் இந்த முடிவைப் படித்தாக வேண்டும்.

இந்த முடிவுகளை அளவு மீறிப் பெரிதாக்குவதும் சரியல்ல. பல ஐரோப்பிய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, பணி அழுத்தம் இதய நோய் அபாயத்தை 23 விழுக்காடு கூட்டுவதாகக் கண்டது. புகைப்பழக்கம் இதைவிடப் பெரிய எதிரி. ஆயினும் புகையைத் தனி மனிதர் விட முடியும். மூச்சுவிட இடம் தராத பணிமுறையை அவர் ஒருவராக மாற்ற முடியாது. மார்மட் பின்னாளில் இந்த வாதத்தை அரசுகளிடமே கொண்டுசென்றார். நலவாழ்வைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2005இல் அமைத்த ஆணையத்துக்குத் தலைமை ஏற்று, 2008இல் அறிக்கை அளித்தார். இரண்டாம் ஆய்வில் சேர்ந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களின் முதுமையும் நினைவாற்றலும் இப்போது ஆராயப்படுகின்றன.