ஒரு சுவிட்ச் எரிந்தால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டுமா?

கடந்த சிறுபோகத்தில் சாகாமத்துக்கு அண்மையிலிருந்து ஒரு வயல்காரர் அழைத்தார். "தம்பி, மோட்டர்ல பிழையில்ல. பெட்டிதான் செத்துப் போச்சு" என்றார். பெட்டி என்று அவர் சொன்னது, நீர்ப்பம்பியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அதிர்வெண் மாற்றியை. கடைகளில் 'டிரைவ்' என்று கேட்டால் தருவார்கள். திறந்து பார்த்தேன். ஆறு மின் சுவிட்சுகளும் ஒரே வில்லையாக வார்க்கப்பட்டிருந்தன. எரிந்தது ஒன்றுதான். ஆனாலும் கொழும்பிலிருந்து புதிய பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். பயிரோ குடலைப் பருவத்தில் நின்றது. அவர் இரவல் டீசல் பம்பியொன்றைப் பிடித்துச் சமாளித்தார்.

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நான்கு துருவ மோட்டர் அதில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும். வேகத்தை மாற்ற அதிர்வெண்ணை மாற்ற வேண்டும். டிரைவ் முதலில் 400 வோல்ட் 'திரீ பேஸ்' மின்சாரத்தை ஏறத்தாழ 560 வோல்ட் நேரோட்டமாக்குகிறது. கொள்ளளவிகள் அதைச் சமப்படுத்துகின்றன. பிறகு அந்த ஆறு சுவிட்சுகளும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, வேண்டிய அதிர்வெண்ணில் ஆடலோட்டத்தை உருவாக்குகின்றன. 50 ஹேர்ட்ஸுக்கு 400 வோல்ட் என்றால் 25 ஹேர்ட்ஸுக்கு 200 வோல்ட் கொடுக்க வேண்டும். வோல்டேஜைக் குறைக்காவிட்டால் மோட்டர் சூடேறிக் கருகும்.

வாய்க்காலிலிருந்து சொற்ப உயரத்துக்கு இறைக்கும் பம்பியை 40 ஹேர்ட்ஸில் ஓட்டினால் நீர் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும், மின் செலவோ ஏறத்தாழப் பாதிதான். ஆழக் கிணற்றில் இந்தக் கணக்கு பலிக்காது. அங்கே வேகத்தைக் குறைத்தால் நீர் மேலே ஏறாமலே போகலாம். விற்பவர்கள் இதைச் சொல்வது குறைவு.

அன்றிலிருந்து நான் பெட்டிகளைக் கூறு கூறாகவே கட்டுகிறேன். நேரோட்டமாக்கும் பகுதி தனி, கொள்ளளவித் தட்டு தனி, வெளியீட்டின் ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு சுவிட்சுகள் கொண்ட ஒரு கூறு தனி. மூன்று கூறுகளும் ஒரே அச்சு. ஒன்றை மேலதிகமாக வாங்கி வைத்தால் எந்தப் பேஸ் பழுதானாலும் அதே கூறு பொருந்தும்.

இதிலும் சங்கடம் உண்டு. கூறுகளை இணைக்கும் செப்புப் பட்டைகள் நீண்டால், சுவிட்ச் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கணத்தில் வோல்டேஜ் துள்ளி சுவிட்சையே உடைக்கும். எனவே நேர், எதிர்ப் பட்டைகளை இடையில் மெல்லிய காப்புத்தாள் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாற்போல் அமைக்க வேண்டும். இணைப்புகள் கூடக் கூட உப்புக்காற்று அரிக்கும் இடங்களும் கூடும். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை நான் திறந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் துருவாலும் பல்லியாலும் செத்தவை. சுற்றுப்பலகைக்கு வார்னிஷ் பூசுவதும், காற்றுத் துவாரத்தில் நுண்வலை அடிப்பதும் சுவிட்சின் தரத்துக்குக் குறையாத முக்கியம்.

கூறுமுறை பெரிய அளவிலும் உண்டு. தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 2021 முதல் 2000 மெகாவாட் கொண்டு செல்லும் நேரோட்டப் பாதையின் இரு முனை நிலையங்களிலும் ஒரே மாதிரியான சிறு கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அங்கே அதிர்வெண் மாறுவதில்லை. ஆனால் இத்தகைய நிலையங்களில் ஒரு கூறு பழுதானால் அதைத் தானாகவே விலக்கிவிட்டு மற்றவை தொடர்ந்து ஓடும். எங்கள் வயல் பெட்டியில் அந்த வேலையை ஆள்தான் செய்ய வேண்டும்.

கழற்றுமுன் ஒன்று. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் சில நிமிடங்கள் நிற்கும். பத்து நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே நான் கை வைப்பேன்.