தையலும் தழையும்

தையல் என்றால் பெண் என்று ஒரு பொருள் உண்டே, அது எப்படி வந்தது என்று கேட்டால் மேடைக்கு மேடை ஒரே விடைதான் கிடைக்கிறது: பெண் துணி தைத்தாள், ஆகவே தையல் ஆனாள். மகளிர் தினப் பேச்சுகளிலும் தையற்பயிற்சி நிலையங்களின் ஆண்டு மலர்களிலும் இதையே பல முறை கேட்டும் படித்தும் இருக்கிறேன். அண்மையில் ஓர் ஊசிவேலைக் கண்காட்சியில், தன் ஆச்சி வீட்டுத் தோட்டத்தை ஒரு பெண் கிராஸ் ஸ்டிச்சில் போட்டு வைத்திருந்தாள். அருமையான வேலை. அதன் கீழே இந்த விளக்கத்தை அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தச் சொல்லின் உண்மையான வரலாறு மேலே துணியில் இருக்க, கீழே அட்டையில் பொய் வரலாறு. பொறுக்க முடியவில்லை; எழுதுகிறேன்.

துணியை மூட்டுவதற்குப் பழைய நூல்கள் நாடும் வினை துன்னு. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணப் போன பொருநன் உடுத்திருந்த கந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரும் பேனும் குடியேறி, வேர்வையில் ஊறி, வேற்று நூல் நுழைந்து ஒட்டுப்போட்ட அந்தத் துணியை முடத்தாமக் கண்ணியார் துன்னல் என்ற சொல்லால்தான் குறிக்கிறார். சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கத்தில் துணி தைப்பவர் துன்னகாரர். தோல் தைப்பவர் தோலின் துன்னர். இரண்டும் தனித்தனித் தொழில்; பொற்கொல்லருக்குப் பக்கத்தில் வைத்து இளங்கோ எண்ணும் நகரத் தொழில்கள். கட்டிலுக்கு வார் பின்னும் வேலைக்குப் புறநானூறு நிண என்ற வேறொரு வினையை ஆள்கிறது. போரில் கிழிந்த மார்பில் ஏறி இறங்கும் நெடிய வெள்ளூசியைப் பதிற்றுப்பத்து, குளத்தில் மூழ்கி எழும் சிரல் பறவைக்கு ஒப்பிடுகிறது. இன்றைக்கு அதே புண்ணுக்குத் ‘தையல் போட்டார்கள்’ என்று சொல்கிறோம். அந்தப் புலவர் அங்கே தை என்ற வினையைத் தேடிப் போகவில்லை.

துன்னம் வடமொழித் ‘துன்ன’விலிருந்து வந்தது என்பார் உண்டு. நெருங்கு, பொருந்து என்ற பொருளில் துன்னு என்ற வினை தமிழில் வேரும் கிளையுமாக நிற்கிறது. மலையாளத்தில் துன்னுக என்றால் இன்றும் தைப்பதுதான். இரண்டு விளிம்புகளை நெருக்கிப் பொருத்துவது துன்னல். இதற்குக் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

பெண்ணுக்குத் துணிவேலையால் பெயர் வைக்க நினைத்திருந்தால் நம் முன்னோருக்கு வேறு வேலை கையருகே இருந்தது. நூல் நூற்றல். பருத்திப் பெண்டு என்றே புறநானூற்றில் ஒருத்தி வருகிறாள். ஆண் துணையற்ற பெண்டிர் நூற்ற நுண்ணிய பனுவலை நற்றிணை பேசுகிறது. ஊசியோ அப்போது துன்னகாரர் கையில் இருந்தது. நூற்பவளுக்கு நூலால் பெயர் வராமல், துன்னாதவளுக்குத் தையலால் பெயர் வந்தது என்பது எப்படிப் பொருந்தும்?

தை என்ற வினை எங்கே வருகிறது என்று பாருங்கள். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போகிறார்கள். அருவியாடிய பின் பூப்பறிக்கிறார்கள். 99 பூக்களின் பெயரை மூச்சுவிடாமல் கபிலர் அடுக்குகிறார். பறித்ததையெல்லாம் மழை கழுவிய அகன்ற பாறையில் குவிக்கிறார்கள். அடுத்து அவர்கள் செய்கிற வேலைக்குக் கபிலர் தரும் சொல் தைஇ. கொய்த தழையைத் தைத்து இடையில் உடுத்துக்கொள்கிறார்கள். காந்தள் தொடங்கிய அத்தனை பெரிய மலர்வரிசை ஓடி வந்து சேரும் இடம் இந்தச் சின்ன வினை. 1889இல் உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாளிலிருந்து இந்த இடம் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நெய்தல் நிலத்துச் சிறுமியருக்கு நெய்தலும் ஆம்பலும் தழை. குறிஞ்சியில் வேறு வேறு நிறத்து இலையும் பூவும் கலந்த பகைத்தழை. காதலன் தழை கொண்டு வருவான், தோழி அதைப் பிடித்துக்கொண்டு தூது பேசுவாள். அகப்பாட்டு ஒன்றையாவது படித்தவருக்குத் தழையை நான் விளக்க வேண்டியதில்லை.

இலையை இலையோடும் பூவோடும் சேர்க்க நாரோ முள்ளோ ஊடே போக வேண்டும். முள் தைத்தது, அம்பு தைத்தது என்கிறோமே, அந்தத் தை இது. ஊடுருவுவது தையின் முதற்பொருள். ஊடுருவிக் கோத்த பொருள் அணியாக ஆனபோது அலங்கரித்தல் இரண்டாம் பொருள். ஆகவேதான் உரைகாரர்கள் தைஇ என்பதற்கு இடத்துக்கு ஏற்பக் கட்டி, உடுத்து, புனைந்து என்று எழுதிச் செல்கிறார்கள். மதுரைக்காஞ்சியில் வல்லவன் ஒருவன் ஆக்கிய அழகிய பாவைக்கும் தைஇய என்ற சொல்லே வருகிறது. பாவையை யாரும் ஊசிநூலால் மூட்டுவதில்லை. அழகுபடச் செய்தான் என்பதே அங்கே பொருள். துணி மூட்டும் பொருள், துன்னு வழக்கொழிந்தபோது தையின் தலையில் ஏறிய மூன்றாம் பொருள். தமிழ்நாட்டில் ஏறிவிட்டது, மலையாளத்தில் தய்க்குகவும் துன்னுகவும் இன்னும் பக்கம்பக்கமாக வாழ்கின்றன.

இனித் தையல் யார் என்பது தெளிவு. புனையப்பட்டவள், தழையும் பூவும் தைத்து நின்றவள். ஆயிழை, சேயிழை என்று அணிந்த இழையால் பெண்ணுக்குப் பெயர் வந்தது போல. இன்னும் நெருங்கிய சான்று கோதை. கோத்த மாலை கோதை. மாலை அணிந்த பெண்ணும் கோதை. சேரனுக்கும் கோதை என்று பெயர். சேரன் உட்கார்ந்து பூக்கோத்தான் என்று யாராவது சொல்வார்களா? கோதைக்குச் சொல்லாததைத் தையலுக்கு மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? ஔவையின் ஆத்திசூடியிலும் பாரதியின் புதிய ஆத்திசூடியிலும் பெண்ணுக்கு இதே பெயர் வருகிறது. ஒருவர் தாழ்த்திச் சொல்ல, மற்றவர் உயர்த்திச் சொன்னார். இருவருக்கும் ஊசி நினைவில் இல்லை.

வைத்தீசுவரன் கோயில் அம்மனைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவனான சிவனுக்குத் துணையாகத் தைலம் ஏந்தி வந்தவள், தைலநாயகியே தையல்நாயகி ஆனாள் என்பார்கள். பக்தியை மதிக்கிறேன், சொற்பிறப்பை ஏற்க மாட்டேன். தையல்நாயகி நாயகியருள் அழகி. வேறொன்றும் தேட வேண்டாம். தை மாதத்தையும் இந்த வினையோடு முடிச்சுப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூச நாள்மீனுக்குத் திஷ்யம் என்று மறுபெயர்; அதிலிருந்து வந்த தைஷமே தை. மாதப்பெயர் வேறு குடும்பம்.

ஏட்டில் மட்டும் இருக்கும் சான்றை நான் முழுதாக நம்புவதில்லை. வாயிலும் இருக்க வேண்டும். இருக்கிறது. “பிள்ளைக்குப் பூத்தைச்சு ஒரு போட்டோ எடுக்கணும்” என்று சொல்லாத தாய் ஒரு தலைமுறைக்கு முன்பு இந்நாட்டில் உண்டா? குண்டுமல்லி மொட்டுகளை வாழைப்பட்டையில் ஊசிநூலால் நெருக்கமாகத் தைத்து, நடுவே கனகாம்பரமும் மருக்கொழுந்தும் வைத்து, பின்னலின் நீளத்துக்குப் பொருத்துவார்கள். ஸ்டுடியோவில் சிறுமியின் பின்னால் ஆளுயரக் கண்ணாடி நிற்கும், முகமும் பூத்தைத்த பின்னலும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்பதற்காக. பூவைக் கட்டலாம், தொடுக்கலாம், கோக்கலாம். ஆனால் பின்னலில் வைக்கும்போது தைத்தல் என்ற சொல்லைத்தான் ஊர் முழுக்க ஆள்கிறது. குறிஞ்சிப்பாட்டின் தைஇ இடையிலிருந்து பின்னலுக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இலை இன்னும் அழுத்தமான சாட்சி. மந்தார இலையையும் புரசிலையையும் ஈர்க்கால் குத்திக் குத்தி வட்டமாக்கிய உண்கலத்துக்குத் தையல் இலை என்று பெயர். எங்கள் ஆச்சி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து இலை தைப்பாள். துணி ஊசியை அவள் கையில் நான் பார்த்ததே இல்லை. அட்டை எழுதியவரின் கணக்குப்படி அவள் தையல் ஆக மாட்டாள்.

கண்காட்சிப் படத்துக்கு வருகிறேன். நம் கடைகளில் மேட்டி துணி என்று கேட்டால் தருவார்களே, அந்தச் சதுரக் கட்டத் துணியில் போட்டது. ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் என்பது பொதுவாகப் புழங்கும் அளவு. ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு, அதன்மேல் எதிர்மூலைக்கு இன்னொரு கோடு. ஆங்கர் நூலின் ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்தெடுத்துப் போட்டிருந்தாள். பவழமல்லி பாதி உதிர்ந்து கிடந்தது. காம்பின் செம்மஞ்சள் நிறத்துக்கு ஒரு கட்டம், அதைச் சுற்றி வெள்ளை. நந்தியாவட்டைக்கு வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியாது என்பதால் ஓரத்து இதழ்களுக்குச் சாம்பல் நூலை எடுத்திருந்தாள். சங்குப்பூவின் வளைவு படிப்படியாகத்தான் வந்திருந்தது. கட்டத் துணியில் வளைவு வராது, படிக்கட்டுதான் வரும். துளசிமாடமும் இருந்தது. ஆச்சி மறைந்து வீடும் கைமாறிய பிறகு, நினைவிலிருந்தே ஒவ்வொரு செடியையும் எண்ணி வைத்தேன் என்று அந்தப் பெண் சொன்னாள். பூவையும் இலையையும் ஊசியால் ஊடுருவி நிரப்பிய வேலை இது. தை என்ற வினையின் முதற்பொருளும் இரண்டாம் பொருளும் அங்கே கூடி நின்றன. மூன்றாம் பொருளுக்கு, அதாவது இரண்டு துண்டை ஒன்றாக மூட்டுவதற்கு, அந்தச் சட்டத்துக்குள் இடமே இல்லை.

இந்தத் தையலுக்குப் பாடநூல் தரும் பெயர் குறுக்குத் தையல். சங்கிலித் தையலும் காம்புத் தையலும் கண்ணால் கண்டு வைத்த நல்ல பெயர்கள். குறுக்குத் தையல் அப்படி இல்லை. குறுக்கு என்றால் ஒரு கோடுதான் மனத்தில் விழுகிறது. இங்கே இரண்டு கோடு வேண்டும். இலங்கைத் தமிழர் வாக்குச்சீட்டில் இடும் இந்தக் குறியைப் புள்ளடி என்பார்கள். பறவையின் அடி. அது கண்ட பெயர். தார்வாடு பகுதியின் கசூத்தி வேலையில் இதே தையலுக்கு மெந்தி என்று பெயர், வெந்தயம் என்பதன் கன்னட வடிவம். கவந்தி, முர்கி, நேகி, மெந்தி என்று அங்கே நான்கு தையல்கள். நேகி நம் நெய் என்ற வினையின் உடன்பிறப்பு. கசூத்தி, துணியில் எதையும் வரையாமல் இழையை எண்ணியே போடும் வேலை. கோபுரமும் தேரும் துளசிமாடமும் அதன் உருக்கள். 2006இல் புவிசார் குறியீடு பெற்றது. கசூத்தியைக் கை என்றும் நூல் என்றும் பிரித்துக் காட்டுவது அங்கே வழங்கும் விளக்கம். பாரசீகக் கஷீதா அத்தனை அருகில் நிற்கும்போது அந்தப் பிரிப்பை நான் நம்ப மாட்டேன்.

புள்ளடியும் மெந்தியும் ஒற்றைத் தையலின் வடிவத்தைச் சொல்கின்றன. வேலையின் இயல்பைச் சொல்லும் பெயர் வேண்டுமானால் நெடுநல்வாடைக்குப் போக வேண்டும். பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் காட்டும் இடம். யானைக் கொம்பில் கால் செய்த பெருங்கட்டில். அதன்மேல் சாயம் ஊட்டிய பல நிற மயிர் கலந்த விரிப்பு. அதில் சிங்க வேட்டை பொறித்திருக்கிறது. காட்டு முல்லையின் பலவகைப் போதுகளுக்கு ஒப்பாகப் பூக்கள் இருக்கின்றன. அந்தப் பூக்களுக்கு நக்கீரர் ஆளும் வினை நிரைத்து. தூவினார், பெய்தார், சூட்டினார் என்று எழுதவில்லை. நிரை என்றால் வரிசை. உதிர்பூவைப் பரப்பியதை நிரைத்தல் என்பதில்லை. உண்மைப் பூவாக இருந்தால் முல்லைக்கு ஒப்பாக என்று உவமை சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பொருநராற்றுப்படையில் பொருநனுக்குக் கரிகாலன் தந்த பாம்புரி போன்ற அறுவையிலும் பூ கனிந்திருந்தது. உரை வழக்கில் அது பூத்தொழில். முல்லைக்கலியின் ஆயர்மகள் உடுத்த நீலத்துக்குப் பூங்கரை. இவற்றில் சில தறியில் நெய்து வந்த பூவாக இருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். பல நிற மயிரை இடையிடையே விரவிச் சிங்கத்தையும் வேட்டையையும் முல்லையையும் ஒரே விரிப்பில் கொண்டுவந்தது ஊசி என்றே எனக்குப் படுகிறது. பூக்களை நிரையில் விழவைத்தது அடியிழையை எண்ணிய கையாக இருக்கலாம்.

அந்தக் கை எண்ணித்தான் தைத்தது என்பது என் ஊகம். ஆகவே கிராஸ் ஸ்டிச்சை நான் இனி நிரைத்தையல் என்றுதான் எழுதப் போகிறேன். குறுக்குத் தையலைப் பாடநூல் எழுதுகிறவர்களே வைத்துக்கொள்ளட்டும்.