கிங் பெருமகனார் ஞாபகச் சின்னமும் அமெரிக்கச் சட்டசபையும்

பெரியோர் ஒருவர்க்கு ஞாபகச் சின்னம் எழுப்புங்கால், அதற்குரிய பொருளை அரசாங்கம் கொடுத்தல் தகுமா, அன்றி அவரைப் போற்றும் ஜனங்களே கொடுத்தல் தகுமா என்னும் வினா எத்தேசத்திலும் எழுவதாகும். ஒரு சங்கத்தின் முயற்சியால் அமெரிக்காவில் இவ்வினாவிற்கு விடை கிடைத்த வரலாறு நம் அங்கத்தினர் அறியத்தக்கதாகலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

மார்ட்டின் லூதர் கிங் 1929-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் பிறந்தவர், கிறிஸ்தவ போதகர். கறுப்பின மக்கள் பேருந்துகளில் தனியிடத்தில் அமர வேண்டும் என்னும் இழிவை எதிர்த்து, மாண்ட்கோமரி நகரில் 381 நாள் நடைபெற்ற பகிஷ்காரத்திற்குத் தலைமை தாங்கினார். 1959-இல் நமது தேசத்திற்கு வந்து, காந்தியடிகளின் நெறியை ஆராய்ந்து சென்றார். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்பிஸ் நகரில் சுடப்பட்டு உயிர் துறந்தார். அப்போது அவர்க்கு வயது 39.

அவரது பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டம் 1983-இல் நிறைவேறிற்று. மறு ஆண்டிலேயே, தலைநகராகிய வாஷிங்டனில் அவர்க்கு ஒரு சின்னம் வேண்டும் என்னும் யோசனையை 'ஆல்பா பை ஆல்பா' என்னும் சங்கம் கொணர்ந்தது. கார்னெல் சர்வகலாசாலையில் பயின்ற கறுப்பின மாணவர் எழுவர் 1906-இல் தோற்றுவித்த சங்கம் அது. கிங் அவர்களும் அதன் அங்கத்தினரே.

எனினும் அந்நகரின் பொது நிலத்தில் சின்னம் நாட்டச் சட்டசபையின் அனுமதி வேண்டும். மசோதா பன்முறை கொணரப்பட்டு, 1996-இல்தான் சட்டமாயிற்று. அச்சட்டம் சங்கத்திற்கு உரிமை ஈந்ததேயன்றிப் பணம் ஈந்திலது. செலவு முழுதும் சங்கத்தையே சார்ந்தது என விதித்தது. அன்றியும், கட்டடச் செலவில் 100-க்கு 10 பங்கு பராமரிப்பு நிதியாகச் செலுத்த வேண்டும் என்பது அந்நாட்டுப் பொது விதி. குறித்த காலத்திற்குள் பொருள் சேராமையால், சட்டசபை தவணையையும் நீட்டிக்க நேர்ந்தது.

2005-இல் சட்டசபை 1 கோடி டாலர் வழங்க இசைந்தது; சங்கத்தார் தரப்பிலும் அதற்குச் சமமான தொகை சேர வேண்டும் என்பது நிபந்தனை. அத்தொகைக்காகப் பரிந்து பேசியவர் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பர்ட் என்பது ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. இளமையில் கறுப்பின மக்களைப் பகைத்த கூட்டமொன்றில் சேர்ந்திருந்தவர் அவர்; 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தைத் தடுக்க 14 மணி நேரத்திற்கு மேல் இடைவிடாது பேசியவரும் அவரே. அன்று அச்சட்டத்தைத் தடுத்த நாவே, 41 ஆண்டுகட்குப் பின் அதற்காகப் போராடியவர்க்குச் சின்னம் வேண்டிப் பொருள் கேட்டது. சட்டசபையின் ஆதரவுக்கு உண்மையான மதிப்பு இதுவே என நாம் கருதுகிறோம்.

மொத்தச் செலவு ஏறத்தாழ 12 கோடி டாலர். ஆகவே அரசாங்கம் தந்தது பன்னிரண்டில் ஒரு பங்கே. எஞ்சியவற்றுட் பெரும்பகுதியைக் கம்பெனிகளும், சங்கத்தாரும், பொது ஜனங்களும் அளித்தனர். கிங் அவர்களின் சொல்லையும் உருவத்தையும் பயன்படுத்தியதற்காக அவர் குடும்பத்தார் நிர்வகித்த ஸ்தாபனத்திற்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் கொடுக்கப்பட்ட செய்தி 2009-இல் வெளியானபோது, பலர் மனம் வருந்தினர். ஜனங்களிடம் திரட்டும் பொருளுக்கு ஒவ்வொரு காசும் கணக்குக் காட்டப்பட வேண்டும் என்பதை இது வலியுறுத்துகின்றது.

4 ஏக்கர் நிலத்தில், 30 அடி உயரச் சிலையோடு கூடிய அச்சின்னம் 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது; அக்டோபர் 16-ஆம் தேதி பராக் ஒபாமா அதனை அர்ப்பணித்தார். அதன் கதவிலக்கம் 1964. சிவில் உரிமைச் சட்டம் பிறந்த ஆண்டு அது.

யோசனை தோன்றியது முதல் சின்னம் திறந்தது வரை 27 ஆண்டுகள் கழிந்தன. பொருள் முழுதும் அரசாங்கமே கொடுத்திருப்பின் காரியம் விரைவில் முடிந்திருக்கும் என்பார் உளர். ஆனால் கேட்டவுடன் கிடைக்கும் பணத்தால் எழுவது அரசாங்கத்தின் கட்டடமே. ஒரு சங்கத்தார் உண்டியல் ஏந்தி, சட்டசபையின் வாயிலில் பன்முறை நின்று பெற்றதோ தேசத்தின் சின்னமாயிற்று. நிலத்தையும் உரிமையையும் சட்டசபை நல்குக. பொருளின் பெரும்பங்கை அன்புடையார் நல்குக. இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான் பெரியோர் பெயர் நிலைக்கும் என்பது நமது துணிபு.