பள்ளியும் பொங்கலும்: கழுகுமலை காட்டும் உறவு

தைப்பொங்கல் விடுமுறைக்கு முந்திய நாட்களில் சங்கரன்கோவில் வட்டாரப் பள்ளிகளின் முற்றங்களில் கோலமிட்டு, கரும்பு நட்டு, மஞ்சள்கொத்து கட்டிய பானையில் மாணவர்கள் பொங்கலிடுகின்றனர். நம் குடும்பத்துப் பிள்ளைகள் அப்பானையருகே நிற்கலாமா, அது பிற சமயத்தார் விழாவன்றோ என்னும் ஐயம் நம்மவரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோவில்பட்டிச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை நிற்கின்றது.

கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியில், இம்மலை சமண சமயத்தின் பெருங்கல்வி நிலையமாக விளங்கிற்று. பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கோட்டாறு, திருச்சாரணம் முதலிய ஊர்களைச் சேர்ந்த குரவரும், பெண் ஆசிரியர்களாகிய குரத்தியரும், அவர்தம் மாணாக்கரும் அவற்றுள் இடம்பெறுகின்றனர். அரசரும் செல்வரும் மட்டுமல்லர். தச்சர், குயவர் போன்ற தொழிலாளரும் திருவுருவம் செய்வித்துள்ளனர். சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க நிலம் விடப்பட்ட செய்தியையும் இம்மலைக் கல்வெட்டால் அறிகின்றோம். உழவர் விளைத்த நெல்லே அங்குக் கல்வியைக் காத்தது என்பது இதன் பொருள்.

‘பள்ளி’ என்னும் சொல்லின் வரலாறும் இதனோடு இணைந்ததே. படுக்கையையும் உறைவிடத்தையும் குறித்த அச்சொல், சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்திற்குப் பெயராயிற்று. மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளிலேயே அதன் பழைய வடிவத்தைக் காணலாம். துறவியர் உறைந்த இடத்தில் ஊரார் கல்வி பெற்றமையால், கற்குமிடத்திற்கே அப்பெயர் நிலைத்தது. இன்று எச்சமயத்துக் குழந்தையும் ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்று கூறுங்கால், தன்னை அறியாமலே அப்பழைய அறநிலையங்களை நினைவுகூர்கின்றது.

கழுகுமலை சிறந்தோங்கிய அதே 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம், ஆதிபகவன் ரிஷபதேவர் மக்களுக்கு அறுதொழில்களைக் கற்பித்தார் என்கின்றது. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்பன அவை. உழவையும் கல்வியையும் ஒருவரே அருளினார் எனில், கல்விச்சாலையில் உழவர் திருநாள் கொண்டாடுவது நமக்கு அயலானதாகுமோ? வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக உழவுத்தொழில் செய்துவரும் தமிழ்ச் சமணர் இல்லங்களில் தைத்திங்கள் முதல் நாளில் பொங்கல் பொங்குவதும் நாம் அறிந்ததே.

எனினும், நம் நெறியை விட்டுக்கொடுத்துக் கலந்துகொள்ள வேண்டும் என்பதன்று. நெல்லைச் சீமைப் பொங்கலில் கிழங்குக் கறியும் பனங்கிழங்கும் முதன்மை பெறும். கிழங்கு விலக்கும் நோன்புடைய பிள்ளை அவற்றைப் பணிவுடன் தவிர்த்து, புத்தரிசியும் வெல்லமும் சேர்ந்த பொங்கலை உண்ணலாம். தவிர்ப்பதன் காரணத்தைத் தோழர்க்குச் சொல்லவும் செய்யலாம். அதுவும் ஒரு கல்வியே. உழைத்த மாட்டைக் குளிப்பாட்டி, அதற்கும் பொங்கல் ஊட்டும் மறுநாள் வழக்கத்தில் உயிர்களிடத்து அன்பு காட்டும் நம் கொள்கையின் சாயலையும் பிள்ளைகள் காணட்டும்.

ஆகவே, இவ்வாண்டு பள்ளிப் பொங்கலுக்குப் பிள்ளைகளை மனமுவந்து அனுப்புவோம். விடுமுறையில் ஒரு நாள் அவர்களைக் கழுகுமலைக்கு அழைத்துச் செல்வோம். குயவரும் தச்சரும் செய்வித்த திருவுருவங்களின் முன் நிறுத்தி, அவர்கள் பயிலும் இடத்திற்குப் ‘பள்ளி’ என்னும் பெயர் வந்த கதையைச் சொல்வோம்.