சீலிங் விரிசலும் 1977-ம்

போன சனிக்கிழமை ஏணி, பட்டித் தகடு, உப்புத்தாள் சகிதம் நடு ஹால்ல நின்னேன். நாங்க இங்கே அமெரிக்காவுல வாங்கினது 1964-ல கட்டின வீடு. சீலிங்ல ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ஒரு விரிசல். தேய்ச்சு, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சா முடிஞ்சதுன்னு நினைச்சேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், வீட்டுக்கு என்ன வயசுன்னு கேட்டார். சொன்னேன். "அப்ப தேய்க்காதே"ன்னுட்டார். ஏன்னு தேடப்போய்தான் இந்தப் பதிவு.

இங்கே பெரும்பாலான வீட்ல சீலிங் கான்கிரீட் இல்லீங்க. மரச்சட்டத்துல அறைஞ்ச ஜிப்சம் பலகை, அதாவது ட்ரைவால். அதென்ன 'ட்ரை'? முன்னாடி இருந்தது ஈரவேலை. மரப்பட்டிகளை வரிசையா அடிச்சு, அது மேல கொத்தனார் ரெண்டு மூணு தடவை சாந்து பூசுவார். ஒவ்வொரு பூச்சும் காயணும். 1894-ல அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகித அடுக்குகளுக்கு நடுவுல ஜிப்சம் சாந்து வெச்ச பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். 1909-ல யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கம்பெனி அவர் கம்பெனியையே வாங்கிடுச்சு. 1917-ல 'ஷீட்ராக்'னு பேர் வெச்சாங்க. ஆனாலும் ஜனங்க அதை மட்டமான சரக்காத்தான் பார்த்தாங்க. இரண்டாம் உலகப்போர்ல ஆள் பஞ்சம், போர் முடிஞ்சதும் வீட்டுப் பஞ்சம். சாந்து காயற வரைக்கும் யார் காத்திருப்பா? பலகை ஜெயிச்சிடுச்சு.

பலகை வந்தா இடுக்கும் வரணுமே! ரெண்டு பலகை சேர்ற இடத்துல காகித டேப் ஒட்டி, ஜாயிண்ட் காம்பவுண்ட் பூசி, காய்ஞ்சதும் தேய்ப்பாங்க. மரம் குளிர்காலத்துல சுருங்கும், ஈரக்காலத்துல உப்பும். அந்த அசைவுல முதல்ல விட்டுக்கொடுக்கறது டேப்தான். என் விரிசல் ஏன் நேர்கோடுன்னு இப்பப் புரியுதா?

பூச்சு வெடிக்கக்கூடாதுன்னு அந்தக் காம்பவுண்ட்ல கலந்த சரக்குதாங்க விஷயமே. ஆஸ்பெஸ்டாஸ் நார்! விரிசல் விழாம இருக்க! சும்மா கிடக்கற வரை தொந்தரவு இல்லை. உப்புத்தாள் பட்டா கண்ணுக்குத் தெரியாத தூசியா நுரையீரலுக்குப் போகும். வியாதி தெரிய இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். நான் ஒருநாள் ஏணியில நின்னதுக்கே வயித்தைக் கலக்குது. தினமும் தேய்ச்சே பொழைச்ச டேப் தொழிலாளிகளை நினைச்சுப் பாருங்க. கடையில வித்த பட்டிப் பொடிகளை நியூயார்க் மவுண்ட் சினாய் ஆராய்ச்சியாளர் இர்விங் செலிகாஃப் குழு சோதிச்சு, ஆபத்தை 1975-ல எழுதினாங்க. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1977-ல தடை போட்டுச்சு. தடை, விக்கிற சரக்குக்குத்தான். ஏற்கெனவே சீலிங்ல ஏறினது அப்படியேதான் இருக்கு.

ஒரு ஆளை வரவழைச்சு, துளி சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கேன். இல்லைன்னு வந்தா, கிழிஞ்ச டேப்பை வெட்டியெடுத்து, ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டு, புது டேப், மெல்லிசா மூணு பூச்சு. இருக்குன்னு வந்தா, உரிமம் உள்ளவங்கதான் தொடணும். அதுவரைக்கும் தங்கமணி தினமும் சீலிங்கைப் பார்க்கறாங்க, அப்புறம் என்னைப் பார்க்கறாங்க :-)