இரண்டே கோல்: செல்சியின் இரண்டு அக்டோபர்கள்

போன வாரம் எங்கள் டிபார்ட்மென்ட் டீம் மூன்றாவது மேட்ச் ஆடி முடித்தது. மூன்று ஆட்டத்தில் வாங்கிய கோல் ஒன்று, அடித்த கோல் இரண்டு. கேன்டீனில் ஒரே கிண்டல். "மச்சி, உங்க மேட்ச் பாக்குறதுக்கு புல்லு வளர்றதைப் பாக்கலாம்டா" என்றான் ஒருவன். லெஃப்ட் பேக் ஆடுகிறவன் என்ற முறையில் எனக்குச் சுருக்கென்று குத்தியது. அதைவிட எங்கள் கேப்டன் சொன்னதுதான் அதிகமாகக் குத்தியது. அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில் சரித்திரத்தில் இருக்கிறது. கால்பந்து பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கதை நன்றாகவே இருக்கும்.

கதை நடந்த இடம் லண்டன், க்ளப்பின் பெயர் செல்சி, வருடம் 2004.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ரஷ்யப் பணக்காரர் ரோமன் அப்ரமோவிச் அந்த க்ளப்பை வாங்கியிருந்தார். 2003-04 சீசனில் ரனியேரியின் பயிற்சியில் செல்சி இரண்டாவது இடம் பிடித்தது: 79 புள்ளி, அடித்த கோல் 67, வாங்கிய கோல் 30. மோசமில்லைதான். ஆனால் அந்த வருடம் அர்செனல் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. ரனியேரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போர்ட்டோ அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த ஜோஸே மொரின்யோவைக் கூட்டி வந்தார்கள். அவர் தன் பழைய அணியிலிருந்து பாலோ ஃபெரேரா, ரிக்கார்டோ கார்வால்யோ என்ற இரண்டு டிஃபென்டர்களையும் கூடவே கொண்டு வந்தார். பிரான்சின் ரென் அணியிலிருந்து 22 வயது கோல்கீப்பர் பீட்டர் செக் வந்து சேர்ந்தார். ஜான் டெர்ரி, வில்லியம் கல்லாஸ், வெய்ன் பிரிட்ஜ் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள்.

2004 ஆகஸ்ட் 15, முதல் மேட்ச். எதிரில் மான்செஸ்டர் யுனைடெட். குட்யோன்சன் ஆரம்பத்திலேயே ஒரு கோல் அடித்தார். மீதி நேரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு 1-0 என்று முடித்தார்கள். அடுத்து பர்மிங்ஹாமில் 1-0, கிரிஸ்டல் பேலஸில் 2-0, சவுத்தாம்ப்டனுடன் 2-1. பிறகு ஆஸ்டன் வில்லாவுடன் 0-0, டாட்டன்ஹாமுடன் 0-0, மிடில்ஸ்பரோவில் 1-0, லிவர்பூலுடன் 1-0. அக்டோபர் 16 அன்று மான்செஸ்டர் சிட்டியிடம் 0-1 தோல்வி.

கணக்குப் போடுங்கள். ஒன்பது ஆட்டம், அடித்தது 8, வாங்கியது 2. அந்த இரண்டும் எப்படி வந்தன என்பதையும் பாருங்கள். ஒன்று, சவுத்தாம்ப்டனின் ஜேம்ஸ் பீட்டி ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே அடித்தது. (பாவம், அதே மேட்சில் தன் பக்கத்திலும் ஒரு கோல் போட்டுக்கொண்டார்!) இன்னொன்று அனெல்கா அடித்த பெனால்டி. அதாவது, செல்சி வரிசைகட்டி நிலைகொண்டு நின்ற பிறகு, ஓடுகிற ஆட்டத்தில் ஒருவரும் அவர்களை உடைக்கவில்லை.

அதே ஒன்பது ஆட்டத்தில் அர்செனல் அடித்தது 29 கோல்! ஹென்றியும் பெர்காம்பும் பிரெஸும் கச்சேரியே நடத்திக்கொண்டிருந்தார்கள். அர்செனலுக்கு 25 புள்ளி, செல்சிக்கு 20. பத்திரிகைகள் என்ன எழுதின என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. இவ்வளவு பணம் கொட்டி இவ்வளவு போரடிக்கும் கால்பந்தா என்பதுதான் பல்லவி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாட்டன்ஹாமுடன் 0-0 ஆனபோது, எதிரணி கோலுக்கு முன்னால் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்று மொரின்யோதான் புகார் சொன்னார். இன்று உலகம் முழுக்கப் புழங்குகிற அந்தப் 'பஸ் நிறுத்தும்' பேச்சு இங்கிலாந்தில் பரவியது அப்போதுதான். பின்னாளில் அவரையே அடிக்க அந்தக் கம்பைத்தான் எல்லோரும் எடுத்தார்கள்.

சரி, அந்த வரிசை எப்படி வேலை செய்தது?

டெர்ரி மோதுகிறவர். மேலே வரும் பந்து எதுவானாலும் முதல் தலை அவருடையது. கார்வால்யோ படிக்கிறவர். பாஸ் கிளம்புவதற்கு முன்பே அது எங்கே போகும் என்று தெரிந்து குறுக்கே போய் நிற்பவர். ஃபெரேரா வலது ஓரத்தில் அளவோடுதான் முன்னால் போவார். கல்லாஸ் நடுவிலும் ஆடுவார், இடது ஓரத்திலும் ஆடுவார். இந்த நால்வருக்கும் முன்னால் க்ளோட் மகலேலே. 2003-ல் ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கிவிட்டு, "இவர் கோலா அடிக்கிறார்?" என்கிற நினைப்பில் விற்ற மனிதர் இவர். அந்த சீசனில் ரியல் நான்காவது இடத்துக்கு இறங்கியது. மகலேலே செய்தது ஒரு எளிய வேலை. டிஃபென்ஸுக்கும் நடுக்களத்துக்கும் இடையில் இருக்கிற அந்தப் பத்து பதினைந்து கெஜத்தைப் பூட்டி வைப்பது. அங்கே பந்து வாங்கித் திரும்ப முடியாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஸ்ட்ரைக்கரும் பட்டினிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. முன்வரிசையில் ஆடவேண்டிய ராபன் சீசன் தொடங்கும் முன்பே காயம்பட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். கோல் வராது என்று தெரிந்த அணி, கோல் வாங்காமல் இருக்கப் பழகிக்கொண்டது. பணக்கஷ்டத்தில் இருக்கிற வீட்டில் செலவைக் குறைப்பது மாதிரி. பிறகு வருமானம் வந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. ராபன் திரும்பினார். நவம்பரில் எவர்ட்டனுடன் 1-0 வென்ற ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. சிட்டியிடம் தோற்றதற்குப் பிறகு வந்த 29 ஆட்டங்களில் செல்சி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த 29 ஆட்டத்தில் அடித்தது 64, வாங்கியது 13. டிசம்பர் 12-ல் ஹென்றி ஒரு கோல் அடித்த பிறகு, மார்ச் 5-ல் நாரிச்சின் லியான் மெக்கன்ஸி அடிக்கும் வரை லீக்கில் செக்கை யாரும் தாண்டவில்லை. 1025 நிமிடம்!

2005 ஏப்ரல் 30-ல் போல்ட்டனில் லாம்பார்ட் இரண்டு கோல் போட, 50 வருடத்துக்குப் பிறகு செல்சி சாம்பியன். 95 புள்ளி, அடித்தது 72, வாங்கியது 15. அர்செனல் 83 புள்ளி, அடித்தது 87. செல்சியைவிட 15 கோல் அதிகம் அடித்த அணி 12 புள்ளி பின்னால் நின்றது. முந்தைய வருட செல்சியோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும்: அடித்த கோலில் கூடியது 5, வாங்கிய கோலில் குறைந்தது 15, புள்ளியில் கூடியது 16. சக வீரர்கள் ஓட்டுப்போட்டு அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்ததும் ஒரு டிஃபென்டரைத்தான், டெர்ரியை.

(நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 1978-79-ல் லிவர்பூல் 42 ஆட்டத்தில் 16 கோல்தான் வாங்கியது. ஆட்டக் கணக்கில் பார்த்தால் அது செல்சியைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் அந்தக் காலத்தில் சொந்த அணி வீரர் காலால் பின்னுக்குத் தட்டிவிடும் பந்தை கோல்கீப்பர் கையில் எடுத்துக்கொள்ளலாம். 1992-ல்தான் அதைத் தடை செய்தார்கள். எனவே இரண்டையும் ஒரே தராசில் வைப்பது கொஞ்சம் கஷ்டம்.)

இத்தோடு நிறுத்தினால் கேன்டீன் நண்பனுக்குப் பதில் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் கோல் அடிக்கவில்லையே என்று சிரிக்காதே, வாங்கிய கோலைப் பார் என்று காலரைத் தூக்கிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கதைக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது.

2010 அக்டோபர். அதே செல்சி. கோலில் அதே செக், நடுவில் அதே டெர்ரி. பயிற்சியாளர் மட்டும் ஆன்செலோட்டி. போன சீசனின் சாம்பியன்கள் வேறு. முதல் ஒன்பது ஆட்டம்: 6-0, 6-0, 2-0, 3-1, 4-0, சிட்டியிடம் 0-1, அர்செனலுடன் 2-0, வில்லாவுடன் 0-0, வுல்வ்ஸுடன் 2-0.

வாங்கிய கோல் எத்தனை? அதே இரண்டு! ஒன்பதில் ஒரே தோல்வி, அதுவும் அதே சிட்டியிடம் அதே 0-1. இந்த முறை அடித்த கோலும் 25. 2004-ஐவிட இரண்டு புள்ளி அதிகம். யாரைக் கேட்டாலும் கோப்பை செல்சிக்குத்தான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நவம்பர் 14, சொந்த மைதானத்தில் சண்டர்லாண்ட். அதற்கு முன் அந்த சீசனில் அங்கே ஆறு லீக் ஆட்டம், அடித்தது 17, வாங்கியது பூஜ்யம். அன்று டெர்ரி இல்லை, அவருடைய ஜோடி அலெக்ஸும் இல்லை, இருவருக்கும் காயம். நடுவில் நின்றவர்கள் இவானோவிச்சும், வாழ்நாள் முழுக்க ஓரத்தில் ஆடிய நம் ஃபெரேராவும். சண்டர்லாண்டின் ஒனுவோஹா, அவரும் ஒரு டிஃபென்டர்தான், பந்தை உருட்டிக்கொண்டே எல்லோரையும் தாண்டி உள்ளே போய் கோல் அடித்தார். ஆட்டம் 0-3.

அங்கிருந்து சரிவு. அன்று தொடங்கி வருடக் கடைசி வரை ஆடிய ஏழு லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. ஜனவரி கடைசி நாளில் அவசர அவசரமாக டேவிட் லூயிஸ் என்ற டிஃபென்டரை வாங்கினார்கள். சீசன் முடிவில் 71 புள்ளி, வாங்கிய கோல் 33. கோப்பை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. கடைசி மேட்ச் முடிந்த அன்றே ஆன்செலோட்டிக்கு வேலை போனது.

ஒரே க்ளப், ஒரே கோல்கீப்பர், ஒரே கேப்டன், ஒரே எண். முடிவு மட்டும் ஏன் தலைகீழ்?

என் பதில் இது. 'இரண்டு கோல்' என்ற எண் அதுவரை நடந்ததைச் சொல்கிறது. ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை. 2004-ல் நடுவில் நிற்க டெர்ரி, கார்வால்யோ, கல்லாஸ், ஹூத் என்று நாலு பேர் இருந்தார்கள். 2005 பிப்ரவரியில் நியூகாசிலில் பிரிட்ஜின் கால் உடைந்தது. கல்லாஸ் சத்தமில்லாமல் இடது ஓரத்துக்கு நகர்ந்தார், வரிசை குலையவில்லை. 2010-ல் சீசன் தொடங்கும் முன்பே கார்வால்யோவை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றுவிட்டார்கள். அந்த இடத்துக்கு அனுபவமுள்ள ஆளை வாங்கவில்லை. ஆகஸ்டில் போன ஆளின் குறை நவம்பரில்தான் தெரிந்தது. நடுவில் இருந்த மாதங்களில் 6-0, 6-0 என்ற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

முன்கள வீரர் இல்லாவிட்டால் முதல் மேட்சிலேயே தெரிந்துவிடும், கோல் வராது. தடுப்பு வரிசையில் விழுந்த ஓட்டை அப்படி இல்லை. யாராவது வந்து மிதிக்கும் வரை அது தரை மாதிரியேதான் இருக்கும்.

இப்போது எங்கள் கேப்டன் சொன்னது. எங்கள் ஸ்டாப்பர் பேக் அடுத்த வாரம் இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறான், ஒரு மாதம் வரமாட்டான். அந்த இடத்துக்கு இப்போதே ஒருத்தனைத் தயார் பண்ணலாம், சாயங்காலம் பிராக்டிஸில் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்திப் பார்க்கலாம் என்றேன். "மூணு மேட்ச்ல ஒரே ஒரு கோல் வாங்கியிருக்கோம்டா, இப்ப என்ன அவசரம்? போய் ஃபார்வர்டுக்கு ஷூட்டிங் பிராக்டிஸ் குடு" என்றான்.

கேப்டன், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கேன்டீனில் நம்மைக் கிண்டல் பண்ணினவனுக்கு 2004-ஐக் காட்டு. நீ 2010-ஐப் படி. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துவிடு, நான் செகண்ட் இயர் பையன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உயரமாக இருக்கிறான், தலையால் நன்றாக அடிக்கிறான். எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க நமக்கு ஒரு வாரம் இருக்கிறது.