பிரம்மதண்டும் அஜினமோட்டோவும்

1998 ஆகஸ்ட். நான் தில்லிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆர்.கே.புரத்தில் நாலு பிரம்மச்சாரிகள் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தோம். அந்த மாதம் ஊர் முழுக்க ஒரே பேச்சு, கடுகெண்ணெய். கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, இதயம் சோர்ந்துபோகிறது என்று ஆஸ்பத்திரிகளில் கூட்டம். அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கடுகெண்ணெய் விற்பனைக்கே தடை வந்தது.

காரணம், எண்ணெயில் கலந்திருந்த ஆர்ஜிமோன் விதை எண்ணெய். ஏதோ வடநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம்மூர்த் தரிசில் மஞ்சள் பூவோடு முள்முள்ளாக நிற்குமே பிரம்மதண்டு, அதேதான். விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். அதிலிருக்கும் சாங்குவினரின் என்ற நச்சு, நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீரைக் கசிய விட்டுவிடும். கல்கத்தாவில் 1877-லேயே இந்த நோயைப் பார்த்திருக்கிறார்கள். நூற்றிருபது வருடம் கழித்தும் அதே எமன், அதே டின்னில்!

எதற்கு இந்தப் பழங்கதை என்றால், "சாப்பாட்டில் விஷம் இருக்கிறது" என்று பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை நம் யாருக்கும் இல்லை. நான் அப்படிச் சிரித்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்கா மகள் 2018-ல் எம்.ஏ. படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் அஜினமோட்டோ மட்டும்தான் ஆகாது. 2015 ஜூனில் மேகிக்குத் தடை வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஈயம், அஜினமோட்டோ என்று டிவி பூரா அலறியது. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்ததும், நவம்பரில் நூடுல்ஸ் கடைக்குத் திரும்பியதும் அவள் மனதில் ஏறவே இல்லை. (நமக்கு மட்டும் ஏறியதா என்ன?) அப்புறம் மைதா போயிற்று, சர்க்கரை போயிற்று. பூச்சிமருந்து பயத்தில் காய்கறி போயிற்று. கடைசியில் என் மனைவி வைக்கிற ரசமும் போயிற்று, தக்காளி எங்கே விளைந்தது என்று தெரியாதாம். ஆறு மாதத்தில் பிள்ளை பாதியாகிவிட்டாள்.

நான் என்ன செய்தேன்? நம்ம புத்திதான், ஆதாரம் காட்டினேன். அஜினமோட்டோ பயத்தின் வரலாறு சுவையானது. 1908-ல் தோக்கியோவில் இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து அதன் சுவையைப் பிரித்தெடுத்தார். அறுபது வருடம் யாரும் பயப்படவில்லை. 1968-ல் அமெரிக்காவில் குடியேறிய க்வோக் என்ற சீன டாக்டர் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் போட்டார். சீன ஓட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடக்கிறது, காரணம் சோயா சாஸா, சமையல் ஒயினா, உப்பா, அஜினமோட்டோவா, யாராவது ஆராயுங்கள் என்று. கேள்விதான் கேட்டார். ஆனால் இதழ் வைத்த தலைப்பு 'சீன உணவக நோய்' என்று நிலைத்துவிட்டது. 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 130 பேருக்கு, எதில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பச் சோதித்தபோது அதே ஆளுக்கு அதே உபாதை வரவில்லை. தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இருக்கிற குளூட்டமேட்தான் அது.

பிரிண்ட் எடுத்து நீட்டினேன். வாங்கிப் படித்தவள், "இதுக்குப் பணம் கொடுத்தது யாருன்னு பாத்தீங்களா மாமா?" என்றாள். பார்த்தேன். அந்தத் தொழிலைச் சேர்ந்த அமைப்புதான். என் வாய் அடைத்துவிட்டது.

சுத்தமான சாப்பாடு என்ற நினைப்பே நோயாகிவிடுவதற்கு 1997-ல் பிராட்மன் என்ற அமெரிக்க டாக்டர் 'ஆர்த்தோரெக்ஸியா' என்று பெயர் வைத்தார். மனநோய்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அதற்குத் தனி இடம் இல்லை. பெயர் கிடக்கட்டும். எடை இறங்கி, தலைசுற்றி, மாதவிலக்கு நின்றால் முதலில் டாக்டரிடம் ஓட வேண்டும். நாங்கள் தாமதமாகத்தான் ஓடினோம்.

ரத்தப் பரிசோதனையெல்லாம் முடிந்தபின் ஒரு மனநல நிபுணரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா ஆதாரம் எதுவும் காட்டவில்லை. பயப்படுகிற பண்டங்களை, குறைந்த பயத்திலிருந்து கூடின பயம் வரை வரிசையாக எழுதச் சொன்னார். அடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட வேண்டும். சாப்பிடுமுன் என்ன ஆகும் என்று நினைக்கிறாள், சாப்பிட்டபின் என்ன ஆயிற்று, இரண்டையும் எழுத வேண்டும். நடுவில் கூகுளில் தேடக்கூடாது. எங்களுக்கும் உத்தரவு: "இது சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று நூறு முறை கேட்பாள், பதில் சொல்லாதீர்கள். சொல்கிற ஒவ்வொரு 'ஆகாது'ம் பயத்துக்குத் தீனியாம்.

இந்த ஏணிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற குட்டிப் பையனின் பயத்தைப் போக்கியதை எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது, கூண்டில் முயலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் முயலைத் தொட்டு விளையாடினான். அங்கே முயல் பயத்தை ஓட்டச் சாப்பாடு. எங்கள் வீட்டில் சாப்பாடே முயல்!

முதல் படி தக்காளி ரசம், அரை டம்ளர். குடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள், சத்தம் வராமல். மைதா வரை வர ஒன்பது மாதம். நடுவே இரண்டு தடவை சறுக்கி, மறுபடி ரசத்திலிருந்து ஆரம்பித்தோம்.

வேலை கிடைத்துக் கிளம்புகிற வாரம் அடுப்படியைக் குடைந்துகொண்டிருந்தவள் கேட்டாள்: "மாமா, இத்தனை வருஷம் தில்லியில இருக்கீங்க, இந்த வீட்ல ஏன் கடுகெண்ணெயே இல்ல?"

1998 கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, புண்ணியவதி. "அப்ப உங்க லிஸ்ட்ல இது எத்தனாவது படி?" என்றாள். சாயங்காலம் சீல் வைத்த பாட்டில் ஒன்று வாங்கிவந்து உருளைக்கிழங்கு வதக்கினாள். மூக்கைத் துளைக்கிற நெடி. இரண்டு கவளம் சாப்பிட்டேன். ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டுக் காலைப் பார்த்துக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை.